'நார்மல்' ஆகணுமா?

போன தீபாவளிக்கு தேசூர் போயிருந்தேன். குழித்தறியில உட்கார்ந்தபடியே பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் எப்போடா?" வேலையைப் பத்தின விசாரிப்பெல்லாம் அப்புறம்தான்.

ஆணும் பெண்ணும் சேர்றதுதான் இயல்புன்னு ஊரே கேள்வி கேட்காம நம்புறதுக்குப் பேரு ஹெட்டரோநார்மடிவிட்டி. மைக்கேல் வார்னர் 1991-ல எழுதின கட்டுரையால பரவின சொல். இன்னைக்குப் பேசப்போறது அதுக்கு அப்புறம் வந்த ஹோமோநார்மடிவிட்டி. லிசா டக்கன் 2000-களின் தொடக்கத்துல இதுக்கு ஒரு கூர்மையான அர்த்தம் கொடுத்தார். "நாங்களும் உங்களை மாதிரிதான், எங்களுக்கும் கல்யாணம், வீடு, குடும்பம் வேணும்"னு கேட்டு, தன்பாலீர்ப்பாளர்களும் அதே அச்சுக்குள்ள வந்து உட்கார்றது. அந்த அச்சுல பொருந்தாதவங்க? வெளியிலதான்.

நம்ம உயர் நீதிமன்றத்தோட ரெண்டு தீர்ப்பை அடுத்தடுத்து படிச்சா இது புரியும். தூத்துக்குடி கோயில்ல ஓர் ஆணும் திருநங்கையும் பண்ணிக்கிட்ட கல்யாணத்தைப் பதிவு பண்ண மறுத்தாங்க. 'மணமகள்' என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம்னு 2019-ல மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் சொன்னார். பெரிய வெற்றி. ஆனா அது கல்யாணம் என்ற வாசல் வழியா கிடைச்சது. தன்பால் திருமணத்துக்கு அந்த வாசலை 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் திறக்கல.

2025 மே. வீட்டார் பிடிச்சு வெச்சிருந்த குடியாத்தம் பெண்ணை மீட்க, அவரோட தோழி ஆட்கொணர்வு மனு போட்டாங்க. அதே நீதிபதி இடம்பெற்ற அமர்வு, குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழியில்லை, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான்னு சொல்லி, அந்தப் பெண் விருப்பப்படி போகலாம்னு அனுப்பிடுச்சு. அதே தீர்ப்புல இன்னொரு இடம். 'குயர்' என்ற சொல்லே அமர்வுக்குச் சங்கடமா இருந்திருக்கு. அவங்களுக்கு இது இயல்புதானே, விசித்திரம்னு அர்த்தம் வர்ற சொல் எதுக்குன்னு கேட்டாங்க. அக்கறையான கேள்விதான். ஆனா வசையா இருந்த அந்தச் சொல்லைத் தங்களுக்குன்னு எடுத்துக்கிட்டவங்க, 'எங்களை நார்மல்னு ஒத்துக்கோங்க'ன்னு கெஞ்ச மாட்டோம்னு சொல்றதுக்குத்தான் எடுத்தாங்க. தமிழ்ல 'பால்புதுமையர்'னு சொல்றோம். விசித்திரம் போய் புதுமை வந்தாச்சு, எனக்கு அது பிடிச்சிருக்கு.

இவ்வளவு பேசுற எனக்கும், பெரியப்பா நெய்த பட்டு வேட்டியில அவன் கையைப் பிடிச்சு நிக்கணும்னு ஆசை இருக்கு. டக்கன் சொன்ன அச்சுதான், தெரியும். அன்னைக்கு பெரியப்பாகிட்ட "பார்க்கலாம்"னு மட்டும் சொல்லிட்டு, காபி டம்ளரை வாங்கிட்டு உள்ள போயிட்டேன்.