பள்ளத்தில் யாரை வைத்தார்கள்? வெள்ளத்தைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களுக்கு

வடகிழக்குப் பருவமழை ஒருமுறை சென்னையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனால், அடுத்த பருவத்தில் கட்டடக்கலை, நகரமைப்புக் கல்லூரிகளில் ஒரு பயிற்சி தவறாமல் வரும். வெள்ள அபாயத்தைக் குறைக்கும் வகையில் நகரத்தின் ஒரு பகுதியை மறுவடிவமைப்பு செய்ய வேண்டும். மாணவர்கள் உயரக்கோட்டு வரைபடத்தை எடுப்பார்கள், ஆற்றைக் கண்டுபிடிப்பார்கள், இரு கரையிலும் பச்சை வண்ணத்தைத் தீட்டுவார்கள். பூங்கா, நடைபாதை, மழைநீரை உறிஞ்சும் தரை. 'பஞ்சு நகரம்' என்ற சீனத்துச் சொல்லும் வந்து சேர்ந்துகொள்ளும். படம் அழகாகத்தான் இருக்கும், மதிப்பெண்ணும் கிடைக்கும்.

அந்தப் பச்சைக்கு அடியில் ஒரு குடியிருப்பு இருந்தது. அது எங்கே போனது என்று படம் சொல்வதில்லை. பெரும்பாலான வகுப்புகளில் யாரும் கேட்பதும் இல்லை. இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வரலாறு இருக்கிறது. நகரமைப்புப் பாடம் தொடங்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் கருத்து.

முதலில் ஏரி. இன்றைய சென்னையைச் சூழ்ந்திருக்கும் பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் நாடு. ஒரு ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படிச் சங்கிலியாக இறங்கிக் கடைசியில் ஆற்றையோ கழுவெளியையோ சேரும். தட்டையான நிலம், குறுகிய காலத்தில் கொட்டித் தீர்க்கும் மழை. இந்த இரண்டுக்கும் ஏற்ற ஏற்பாடு இது. இப்போது 'மரபு அறிவு' என்று கருத்தரங்குகளில் இதைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் மதகைத் திறந்து மூடியது யார்? இரவில் கரையைச் சுற்றிவந்து கசிவு பார்த்தது யார்? வடக்கே நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்றும் தெற்கே மடைக்குடும்பர் என்றும் அழைக்கப்பட்ட அந்த ஊழியர்கள் மிகப் பல ஊர்களில் பறையர்களும் பள்ளர்களும். தண்ணீரைப் பங்கிட்டவர்களுக்கு அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் உரிமை கிடையாது. ஊர்க் கிணற்றில் நீர் மொள்ளவும் உரிமை கிடையாது. கருத்தரங்கில் மரபு அறிவு பேசப்படும்போது அறிவு மேடைக்கு வருகிறது, அறிந்தவரின் சாதி மட்டும் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

அரசும் இதைச் சட்டமாகவே எழுதி வைத்தது. 1858ஆம் ஆண்டின் முதல் சட்டம் 'மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம்'. அதன் நோக்கமே வெள்ளத் தடுப்பு. ஏரிக்கரையோ ஆற்றுக்கரையோ உடையும் அபாயம் வந்தால், அக்கம்பக்கத்திலுள்ள உழைக்கும் வகுப்பு ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம். மறுத்தால் தண்டனை. குடிமராமத்து என்று நாம் பெருமையோடு சொல்லும் வழக்கத்தையும் இந்தச் சட்டம் கட்டாயமாக்கியது. நிலம் வைத்திருந்தவரின் பயிரைக் காப்பாற்ற, நிலம் இல்லாதவர் நள்ளிரவில் மண் சுமக்க வேண்டும். தமிழ்நாட்டின் வெள்ள மேலாண்மை வரலாறு எழுதப்படும்போது இந்தச் சட்டம் முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டியது.

அப்படி மண் சுமந்தவர்கள் குடியிருந்த இடமும் அவர்களுக்குச் சொந்தமில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காக நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். அதே அறிக்கையில் சேரி மனைகளைப் பற்றியும் பேசியிருக்கிறார். குடிசை நிற்கும் மண் மிராசுதாரின் பிடியில் இருந்ததால், கூலி கேட்டாலோ எதிர்த்துப் பேசினாலோ வெளியேற்றிவிடலாம். ஊர் மேட்டில், சேரி பள்ளத்திலோ வயலோரத்திலோ என்பது பல கிராமங்களில் இன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய அமைப்பு. (ஒரு எச்சரிக்கை: வேளச்சேரி, செம்மஞ்சேரி என்ற பெயர்களில் உள்ள 'சேரி'யை வைத்து அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பழந்தமிழில் சேரி என்றால் பொதுவாகக் குடியிருப்பு. அது தீண்டாமையின் சொல்லாகச் சுருங்கியது பின்னால் நடந்தது.)

நகரமைப்பு என்ற படிப்பு இந்த மண்ணுக்கு வந்த கதை சுவையானது. ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெட்டிஸ் 1914இல் தன் நகரமைப்புக் கண்காட்சியோடு இந்தியாவுக்குக் கிளம்பினார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதே, அதே எம்டன். இழந்தவற்றுக்குப் பதிலாக மறுபடி பொருள்கள் சேர்த்து 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பிறகு மாகாணத்தின் பல ஊர்களைக் காலால் நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். மலேரியாவுக்குப் பயந்து குளங்களைத் தூர்க்க வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் நின்ற காலம் அது. குளத்தைத் தூர்க்காதீர்கள், கொசுவை ஒழிக்க மீனும் வாத்தும் போதும் என்றார் கெட்டிஸ். சந்துகளை இடித்துத் தள்ளி அகலச் சாலை போடுவதையும் எதிர்த்தார். முதலில் ஊரை ஆய்ந்து அறி, பிறகு வரை என்பதுதான் அவர் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை. கோயில் நகரங்களின் அழகில் மயங்கிய அளவுக்கு அந்த அழகுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை அவர் கவனிக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் குளத்தைப் பற்றி அவர் சொன்னது சரி.

யார் கேட்டார்கள்? 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923இல் மாம்பலம் திட்டம் தொடங்கியது. நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த மாபெரும் நீர்ப்பரப்பு வற்றவைக்கப்பட்டு மனைகளானது. அதுதான் தியாகராய நகர். பெயர் நீதிக்கட்சித் தலைவருடையது, நடுவில் இருக்கும் பூங்கா அக்கட்சியின் முதலமைச்சர் பனகல் அரசருடையது. பார்ப்பனரல்லாதார் ஆட்சியின் பெருமைமிக்க சாதனை என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. ஏரியின் மீது எழுந்த பெருமை அது என்பதையும் சேர்த்துச் சொல்ல நமக்குத் தயக்கம் தேவையில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்னும் இருக்கிறது, லேக் மட்டும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு சாலை இருக்கிறது. மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரிப்பகுதியில்தான் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

இதன்பின் வந்த அரசு வீட்டுவசதித் திட்டங்களில் வெட்கமே இல்லை. முகப்பேரில் ஒரு திட்டத்துக்கு 'ஏரித் திட்டம்' என்றே பெயர். இன்றும் அங்கே குடியிருப்பவர்களின் முகவரியில் அந்தச் சொல் வருகிறது. கடன் வாங்கி முறையாக வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் அவை, அவர்களை நான் குறைசொல்லவில்லை. ஏரியை மனையாக்கியது அரசு. பறக்கும் ரயிலின் தூண்களைப் பக்கிங்காம் கால்வாய்க்குள் இறக்கியதும், விமான நிலையத்தின் ஓடுபாதையை அடையாற்றின் குறுக்கே நீட்டியதும் அரசு நிறுவனங்களே. இவற்றில் எதையும் நாம் 'ஆக்கிரமிப்பு' என்று சொல்லிப் பழகவில்லை. அந்தச் சொல் கால்வாய் ஓரத்துக் குடிசைக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கால்வாயை வெட்டியது யார்? கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877–78இல், தாது வருசப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. பட்டினியால் கிராமங்களை விட்டு வந்தவர்கள் வயிற்றுக் கூலிக்கு வெட்டினார்கள். வேலைக்குப் பெயர் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவினுடையது. பின்னாளில் துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் கட்டட வேலைக்கும் வந்த மக்கள் அதன் கரையில் குடிசை போட்டார்கள். நகரம் அவர்களின் உழைப்பை எடுத்துக்கொண்டது, இடம் மட்டும் தரவில்லை. யாரும் விலை பேசாத மண் ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும்தான் கிடைத்தது.

1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது, 1971இல் அதற்கான சட்டம் வந்தது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அருகிலேயே, மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. குறைகள் இருந்தன, ஆனாலும் வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'அங்கேயே கட்டுவது சாத்தியமில்லை' என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு இந்த நகரத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது.

2000க்குப் பிறகு திசை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான வீடுகள் நகரத்தின் தெற்கு ஓரத்தில் எழுந்தன. ஒவ்வோர் இடமும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாடம்பாக்கம், செம்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் எனத் தென்பகுதி ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைக் கழுவெளியையும் அதைச் சுற்றிய தாழ்நிலத்தையும் வந்தடைகிறது. கழுவெளியிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலைத் தேடுகிறது. கண்ணகி நகர் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் இருக்கிறது. மடு என்றால் நீர் ஆழ்ந்து நிற்கும் பள்ளம். பொருள் தெரிந்துகொள்ள அகராதிகூட வேண்டாம்.

2015 டிசம்பர் 1 இரவு. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஆதனூர், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து அடையாறு பொங்கியது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை இதை மனிதர் உருவாக்கிய பேரழிவு என்றது. ஆனால் தண்டனை போல ஒன்று கிடைத்தது ஆற்றோரத்து மக்களுக்குத்தான். வெள்ளத்தைக் காரணம் காட்டி அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பங்கள் அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அதே மழையில் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் நீரில் நின்றன! வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக் கழுவெளியின் ஓரத்தில் குடிவைத்தார்கள். போனவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். மீனவர்களும் முஸ்லிம்களும் மற்ற ஏழைகளும் உண்டு. வெள்ளம் வடிந்த பிறகு குப்பையும் சேறும் அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்துவரப்பட்டார்கள். கையுறைகூட இல்லாமல் வேலை செய்தவர்களின் படங்கள் வெளிவந்தன. 1858ஆம் ஆண்டுச் சட்டம் யாரைக் கூப்பிட்டதோ, 2015லும் கூப்பிடப்பட்டவர்கள் பெரும்பாலும் அவர்களின் வாரிசுகளே.

இங்கே ஒரு கேள்வி வரும். மாணவர்களிடம் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்கிறார்: அப்படியானால் ஏழைகள் ஆற்றோரத்திலேயே இருந்து மூழ்க வேண்டுமா? நியாயமான கேள்விதான். யாரும் மூழ்க விரும்பவில்லை. சென்னையின் தரை சராசரியாகக் கடல்மட்டத்திலிருந்து ஆறேழு மீட்டர் உயரம்தான். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் ஆற்றின் வாய் நீரை வாங்காது. ஆற்றுக்கு இடம் விடத்தான் வேண்டும். அந்த இடத்தை யாரிடமிருந்து எடுப்பது, எடுத்தால் எத்தனை கிலோமீட்டருக்குள், எந்த உயரத்தில், யாருடைய சம்மதத்தோடு மாற்று தருவது என்பதில்தான் சண்டை. நீர் எங்கே நிற்கும் என்பதற்கு உயரக்கோடு பதில் சொல்லும். அங்கே யார் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தது சாதியும் சொத்தும்.

ஆகவே வகுப்பறையில் செய்ய வேண்டியது கடினமானதல்ல. வடிவமைப்புக்குக் கொடுக்கப்பட்ட இடத்தின் சர்வே எண்ணை வைத்து 'அ' பதிவேட்டைப் பாருங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே கிடைக்கிறது. ஏரி, வாய்க்கால், கழுவெளி, மேய்க்கால், நத்தம் என்று வகைப்பாடு இருக்கும். எது எப்போது எந்த அரசாணையால் மாறியது என்று தேடுங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தெருப்பெயர்களைப் படியுங்கள். பிறகு கெட்டிஸ் சொன்னபடி நடங்கள், ஆனால் அவர் போகாத சந்துக்கும் போங்கள். 2015இல் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று செம்மஞ்சேரியில் கேட்டால் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். எந்த மதகு அடைத்திருந்தது, எந்தச் சுவர் நீரைத் தடுத்தது என்பதும் அவர்களுக்குத் தெரியும். உங்கள் வரைபடத்துக்கு மதிப்பெண் போடும் நாளில், பேராசிரியர் பக்கத்தில் அவர்களில் இருவரை உட்கார வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் கல்லூரிகள் விதியாகவே வைக்கலாம். ஒரு மாணவர் தன் திட்டத்துக்காக ஒரு வீட்டை அழித்தால், அந்த வீடு போய்ச் சேரும் இடத்தையும் அதே தாளில், அதே அளவுகோலில் வரைய வேண்டும். அந்த மண்ணின் உயரம், அங்கிருந்து பழைய வேலைக்குப் பேருந்தில் ஆகும் நேரம், பிள்ளைகளின் பள்ளி, எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆற்றோரத்தில் குடிசையும் தனியார் கட்டடமும் அரசு அலுவலகமும் இருந்தால், மூன்றுக்கும் ஒரே வண்ணம். இப்படி ஒரு தாளைத் தயாரித்துப் பார்த்தவர் அப்புறம் அந்தப் பச்சையை அவ்வளவு எளிதாகத் தீட்ட மாட்டார்.

சென்னைப் பெருநகருக்கு 2026 முதல் 2046 வரையிலான மூன்றாம் முழுமைத் திட்டம் இப்போதைய வேலை. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வளர்ந்த பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்களில் நகரமைப்பு படிப்பவர் இருந்தால், உங்கள் குடியிருப்பின் 'அ' பதிவேட்டு நகலோடும் 2015இன் நீர்மட்டக் குறிப்போடும் திட்ட வரைவின் மீது எழுத்துப்பூர்வமாக ஆட்சேபணை கொடுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள், சேர்ந்து எழுதுவோம்.