ஓலைக் குடிசையும் உயிரியல் வகுப்பும்

குரோம்பேட்டை ரயிலடிக்கு மேற்கே எழும்பி நிற்கும் திருநீர்மலை, திருமங்கையாழ்வாரின் மங்களாசாசனம் பெற்ற திவ்வியதேசம் என்பதையும், அங்கே எம்பெருமான் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு திருக்கோலங்களில் சேவை சாதிக்கிறார் என்பதையும் வைஷ்ணவ உலகம் நன்கறியும். ஆனால் சென்னையின் தென்புறத்துச் சாமானிய ஜனங்களுக்கு அம்மலை முதன்மையாக ஒரு கல்யாண ஸ்தலம். முகூர்த்த நாளில் ஒரு ஜோடி இறங்குமுன் இன்னொரு ஜோடி ஏறும். சினிமாக்காரர்களும் தங்கள் கதாநாயகிக்குத் தாலி ஏற வேண்டிய கட்டம் வந்தால் நெடுங்காலமாக இம்மலையைத்தான் நாடி வந்திருக்கிறார்கள். இன்று ஆலயத்தில் விவாகம் செய்துகொள்ள விரும்புவோர், மாலையும் மஞ்சள் கயிறும் கொண்டுவருவதோடு வயதுச் சான்றும் கொண்டுவர வேண்டும்: பெண்ணுக்கு 18, பிள்ளைக்கு 21. இந்த இரண்டு எண்களும் 1978ஆம் ஆண்டில் வந்தவை. அதற்கு முன் 1949ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெண்ணுக்கு 15. அதற்கும் முன், 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்த சாரதா சட்டத்தின்படி 14. இன்னும் பின்னே போனால், 1891ஆம் ஆண்டில் சர்க்கார் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியதற்கே, மதம் போயிற்று, ஆசாரம் போயிற்று என்று தேசமெங்கும் கூக்குரல் எழுந்தது.

இந்த எண்களின் ஏற்றத்தைச் சமூக சீர்திருத்தத்தின் வெற்றியாக மட்டும் படிப்பது நம் வழக்கம். சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் வாதாடிப் பெற்ற வெற்றி அது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் அதற்கு இன்னொரு விளைவும் உண்டு. அதைப் பற்றி அக்காலத்தில் அதிகம் பேர் யோசித்ததாகத் தெரியவில்லை. பெண் ருதுவாவதற்கு முன்பே மணம் முடித்த குடும்பங்களிலும், ருதுவான ஓரிரு ஆண்டுகளில் முடித்த குடும்பங்களிலும், தேகத்தின் மாறுதலுக்கும் தாம்பத்திய வாழ்வுக்கும் இடையே இடைவெளி என்ற ஒன்றே இல்லை, அல்லது மிகச் சொற்பம். சட்டமும் படிப்பும் சேர்ந்து அந்த இடைவெளியை முதலில் ஐந்தாண்டாகவும் பிறகு பத்தாண்டாகவும் நீட்டின. தேகம் முதிர்ந்தும் விவாகம் ஆகாத யுவனும் யுவதியும் வீடுதோறும் இருக்கும் நிலை வந்த பிறகுதான், பால் விஷயங்களைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது, பெற்றோரா, பள்ளியா என்ற கேள்வியே பிறந்தது.

அதைப் பெற்றோர் சொல்வதே நமது மரபு என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். சரித்திரம் அதற்குச் சாட்சி சொல்லாது. தமிழ்க் குடும்பங்களில் அதைப் பெற்றோர் சொன்னதே இல்லை என்பதுதான் சம்பிரதாயங்களை உற்று நோக்குவோர்க்குப் பிரத்தியட்சமாகத் தெரிவது. பெண் வயதுக்கு வந்தவுடன் நிகழ்வனவற்றை எண்ணிப் பாருங்கள். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி விவரம் மாறும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளிலும் இவ்வகைச் சடங்குகள் விதவிதமாகப் பதிவாகியுள்ளன. ஆனால் பல சமூகங்களில் பொதுவாகக் காண்பது இது: தாய் சற்று விலகி நிற்பாள், முதல் தண்ணீர் ஊற்றுபவள் அத்தை அல்லது தாய்மாமன் மனைவி, பச்சைத் தென்னங்கீற்றால் குடிசை கட்டித் தருவது மாமன் முறை. வாசலில் உலக்கை குறுக்கே கிடக்கும், வேப்பிலை செருகியிருக்கும். காலையில் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும், பிறகு கருப்பட்டி போட்டு எண்ணெய் மிதக்கக் கிண்டிய உளுந்தங்களி, அதைத் தின்ன மாட்டேன் என்று பெண் முகம் சுளித்தால் இடுப்புக்குப் பலம் என்று ஒரு கிழவியின் அதட்டல். தனித் தட்டு, தனிப் பாய். ஒன்பதாம் நாளோ பதினொன்றாம் நாளோ பதினாறாம் நாளோ தலைக்கு ஊற்றிக் குடிசையைக் கொளுத்திவிட்டுப் பெண்ணை உள்ளே அழைப்பார்கள்.

தீட்டு என்ற கருத்தை நான் நியாயப்படுத்த முன்வரவில்லை. ஒரு சிறுமியை அவள் தேகத்தின் இயல்பான ஒரு செயலுக்காக வாசலுக்கு வெளியே உட்காரவைப்பது அநீதிதான். ஆனால் அந்தப் பதினாறு நாட்களில் அவளுக்குத் துணையாகப் படுத்திருந்தவர்கள் யார் என்று கேட்க வேண்டும். பாட்டி, அத்தை, மணமாகிப் பிள்ளை பெற்ற மதினி. துணியை எப்படி மடிப்பது, எங்கே உலர்த்துவது, வயிற்று வலிக்கு எந்தக் கஷாயம், இனி எவனிடம் எட்ட நிற்பது என்பதில் ஆரம்பித்து, கேலியும் கிண்டலுமாக, மாமன் மகனை வம்புக்கிழுத்து, அவள் அறிய வேண்டியதில் பெரும் பகுதியை அவர்கள் அங்கேதான் அவள் காதில் போட்டார்கள். தாயிடம் கேட்க நாணுவதை அத்தையிடம் கேட்கலாம். மகளிடம் சொல்லக் கூசுவதை மருமகள் முறைக்காரியிடம் சொல்லலாம். கண்டிக்கும் அதிகாரம் ஒருவரிடமும் கேலி பேசும் உரிமை இன்னொருவரிடமும் இருக்கும்படி உறவுகளை வகுத்து வைத்த ஏற்பாடு அது. சொன்னதெல்லாம் சரியான ஞானம் என்று சொல்ல முடியாது. அதில் பாதி பயமுறுத்தல், பாதி மூடநம்பிக்கை. ஆனால் சொல்வதற்கு ஓர் ஆள் இருந்தாள்.

ஆண் பிள்ளைக்கோ அதுவும் இல்லை. அவனுக்குச் சடங்கில்லை, குடிசையில்லை, மாமனும் வாய் திறப்பதில்லை. அவனுடைய பாடசாலை, தன்னைவிட இரண்டு வயது மூத்த பையன்களும், மலிவுப் பதிப்பாகக் கைக்குக் கைமாறி வந்த கொக்கோகம் என்னும் காம நூலும்தான். அந்தத் தமிழ்க் கொக்கோகம் அதிவீரராம பாண்டியர் பெயரால் வழங்குவது. அதே அரசர் இயற்றிய வெற்றிவேற்கையைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தலையாட்டி மனனம் செய்தார்கள். ஒரே பெயரால் வழங்கிய இரு நூல்களில் ஒன்று உபாத்தியாயரின் பிரம்புக்கு முன்னாலும் மற்றது தலையணைக்கு அடியிலும் வாழ்ந்தன என்பதைவிடச் சுருக்கமாக நமது கல்விமுறையின் பழக்கத்தைச் சொல்லிவிட முடியாது. அப்பழக்கம் மேலும் உயர்ந்த இடங்களிலும் உண்டு. வீரமாமுனிவர் குறளை லத்தீனில் பெயர்த்தபோது காமத்துப்பாலை விட்டுவிட்டார், ஜி. யு. போப் 1886இல் முழு நூலையும் ஆங்கிலத்தில் தந்தார். ஆனால் 2016ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குறளைப் பள்ளிப் பாடத்தில் முழுமையாகச் சேர்க்க உத்தரவிட்டபோது, முழுமை என்றது அறமும் பொருளுமாகிய 108 அதிகாரங்களையே. எஞ்சிய 25 அதிகாரங்களைப் பொறுத்தவரை கனம் நீதிமன்றமும் வீரமாமுனிவரும் ஒரே அபிப்பிராயம்.

பழைய ஏற்பாடு குலைந்தது எங்கே என்று கேட்டால், கை நீட்டிக் காட்டத்தக்க இடங்களுள் திருநீர்மலையை அடுத்த இத்தாம்பரத்துப் பிரதேசமும் ஒன்று. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது; 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது; குரோம்பேட்டையில் தோல் தொழிற்சாலையும், 1949இல் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியும் எழுந்தன; 1984இல் ஏற்றுமதி வளாகமாகிய மெப்ஸ் வந்தபோது, தையல் வேலைக்கும் மின்னணு வேலைக்கும் இளம் பெண்கள் திரளாக வரலாயினர். தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஆர்க்காட்டிலிருந்தும் வந்து ரயில் பாதையின் இருமருங்கும் மனை வாங்கிக் குடியேறியவர்கள், தாய் தந்தை மக்கள் என்ற மூன்று சொல்லுக்குள் அடங்கும் குடும்பமாக வந்தார்கள். பாட்டி ஊரில் நின்றுவிட்டாள். அத்தை கோடை விடுமுறைக்கு வருபவளானாள். ஏரிக்கரையை ஒட்டிய அந்த இரண்டறை வீடுகளில், கண்டிக்கும் அதிகாரம் படைத்த இருவர் மட்டுமே எஞ்சினர். கேலி பேசுவோர் இல்லை.

சடங்கு மட்டும் சாகவில்லை, பெருத்தது. திருமண மண்டபம் பிடித்து, தெருமுனையில் பெண்ணின் படம் போட்ட பிளெக்ஸ் பலகை நட்டு, மாமன்மார் மேளத்துடன் தட்டு வரிசை சுமந்துவர, மஞ்சள் நீராட்டு விழா இப்பக்கங்களில் அமர்க்களமாக நடக்கிறது. அதில் குறைந்துபோனது அந்தப் பதினாறு நாள்தான்; ஐந்தாம் நாள் பெண் சீருடை மாட்டிப் பள்ளிக்குப் புறப்பட்டுவிடுகிறாள். படிப்பு கெடாமல் போவது நல்லதே. ஆனால் ஊருக்கெல்லாம் பலகை வைத்து அறிவித்த செய்தியைப் பற்றி அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை என்பது விசித்திரமான நிலை.

அந்த வெற்றிடத்தைப் பற்றி அறிஞர்கள் பேசவே இல்லையா என்றால், பேசினார்கள், பெரியவர்களிடம் மட்டும். 1920களின் இறுதியில் தோன்றிய சென்னை நியோ-மால்தூசியன் சங்கத்துக் கனவான்களும், கர்ப்பத்தடையைப் பெண் விடுதலையின் பகுதியாகவே கொண்டு ‘குடி அரசு’ இதழில் ஓயாமல் எழுதிய பெரியாரும் மணமானவர்களை நோக்கியே பேசினர். காந்தியடிகள் 1936இல் ‘ஹரிஜன்’ பத்திரிகையில், கல்வியில் பால் விஷயத்துக்கும் இடம் உண்டென்றும், ஆனால் அது இச்சையை வெல்லக் கற்பிப்பதாக இருக்க வேண்டுமென்றும் எழுதினார். சுதந்திரத்துக்குப் பின் 1969இல் பம்பாயில் கூடிய தேசியக் கருத்தரங்கு ‘மக்கள்தொகைக் கல்வி’ என்ற ஒன்றைப் பள்ளிக்குள் கொண்டுவர வழிசெய்தது. அதில் ஜனத்தொகை இருந்தது, ஜனங்களின் தேகம் இல்லை.

கடைசியில் பள்ளிக் கதவைத் தட்டித் திறந்தது ஞானமன்று, நோய். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி உண்டென்பதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். திருநீர்மலையிலிருந்து சில மைல் தொலைவில், டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கி 1937இல் சர்க்கார் ஏற்றுக்கொண்ட தாம்பரம் சானடோரியம், 1990களில் தேசத்திலேயே பெரிய எய்ட்ஸ் சிகிச்சை ஸ்தலங்களுள் ஒன்றாயிற்று. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து முதன்முதலாகத் தொடங்கப்பட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. ஒரு காலத்தில் சானடோரியம் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லவே பயணிகள் குரல் தாழ்த்திய அந்த ரயில் பாதையில்தான், புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்ற விளம்பரக் கேள்வியைப் பள்ளிப் பிள்ளைகளும் உரக்கப் படித்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். சின்னத்திரையில் டாக்டர் மாத்ருபூதமும் டாக்டர் ஷர்மிளாவும் நடத்திய ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்த வீடுகள் எத்தனையோ.

இவ்வாறு அபாய எச்சரிக்கையாக நுழைந்த பாடம், நெடுநாள் அந்தத் தொனியை விடவில்லை. அத்தையின் குடிசைப் பேச்சில் இருந்த சிரிப்பு இதில் இல்லை. அந்த உலர்ந்த பாடத்துக்கே எதிர்ப்பு வந்தது. மத்திய அரசு 2005க்குப் பின் வகுத்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய ராஜ்யங்கள் நிறுத்தின. 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பண்பாட்டைக் காரணம் காட்டிப் பள்ளியில் பால்கல்வி வேண்டாம் என்றது. எந்தப் பண்பாடு என்று அக்குழுவிடம் ஒரு கிராமத்துக் கிழவி கேட்டிருக்கலாம்.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் வருகிறது. மகரந்தச் சேர்க்கையை விஸ்தாரமாக நடத்திய ஆசிரியர், மனிதன் வந்தவுடன் கடிகாரத்தைப் பார்த்து, இதை நீங்களே வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டுவது தலைமுறை தலைமுறையாக நடப்பது. வீட்டிலோ அம்மா, பள்ளியில் சொல்லித்தருவார்கள் என்கிறாள். 2011இல் அறிவித்த புதுயுகம் திட்டத்தின்கீழ் இலவச அணையாடை கொண்டுவந்த கிராம சுகாதார செவிலியர்கள் சிலர்தாம், கேட்ட கேள்விக்குக் கூசாமல் பதில் சொல்லி, தாயுமல்லாத ஆசிரியையுமல்லாத பழைய இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பரில், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றின் மேல்முறையீட்டில், பால்கல்வி மேல்நாட்டுச் சரக்கு என்ற எண்ணம் தவறு என்று கூறிய உச்ச நீதிமன்றம், அதை விரிவான திட்டமாக வகுக்க நிபுணர் குழு அமைப்பது பற்றி யோசிக்குமாறு மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறது. குழு வகுப்பதை வகுக்கட்டும். அந்தப் பாடவேளையில் வகுப்புக்குள் நுழைய வேண்டியவரை, பாடத்தை முடித்துக் கொடுக்கும் ஆசிரியர்களிலிருந்து பொறுக்குவதா, கேலிக்கும் கேள்விக்கும் பழகிய செவிலியர்களிலிருந்து பொறுக்குவதா என்றால், என் வாக்கு செவிலியருக்கே.