கவசத்தில் பிடிபட்ட பொய்

வீடியோ கேமில் கவசம் போட்ட ஒரு வீரன் விளக்கடியில் வந்து நிற்கிறான். தோள்தகட்டில் திருகாணிகள், கீறல்கள், தேய்ந்து மழுங்கிய விளிம்பில் மெல்லிய வெளிச்சக் கோடு. வெறும் கோடுகளை மட்டும் காட்டும் ஒயர்ஃபிரேமைப் போட்டுப் பார்த்தால் அங்கே சில முக்கோணங்கள்தான் இருக்கும். திருகாணி ஒன்றுகூட இருக்காது. அத்தனையும் நார்மல் மேப் என்கிற இளநீலப் படம் செய்யும் கண்கட்டு.

இதன் பூர்வீகம் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம். ஒரு பரப்பு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று சொல்லும் செங்குத்துக் கோடுதான் நார்மல். வெளிச்சம் எவ்வளவு விழும் என்பதை முடிவு செய்வது அதுதான். வியட்நாமில் பிறந்த புய் துவோங் ஃபோங், 1973-இல் யூட்டாவில் எழுதிய ஆய்வேட்டில், முக்கோண மூலைகளின் நார்மல்களை இடையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் நிரவிக் கொடுத்தார். முகம் முகமாக உடைந்து தெரிந்த உருவங்கள் வழவழப்பாகின. அங்கேயே படித்த ஜிம் பிளின் 1978-இல் நேர்மாறாக யோசித்தார்: வழவழப்பான பரப்பைத் தொடாமல் நார்மலை மட்டும் சற்றுச் சாய்த்துவிட்டால்? பார்க்கிற கண் அதைச் சுருக்கம் என்றே நம்பியது. ‘சுருக்கம் விழுந்த பரப்புகளைப் போலச் செய்தல்’ என்கிற பொருளில் கட்டுரைக்குத் தலைப்பும் வைத்தார்.

பிளினின் சுருக்கங்கள் தனியே தயாரித்த மேடுபள்ளப் படத்திலிருந்து வந்தவை. நிஜமான ஓர் உருவத்திலிருந்தே அவற்றை எடுக்கலாம் என்பது 1990-களின் பிற்பகுதியில் கூடிவந்த யோசனை. லேசர் ஸ்கேனர்கள் லட்சக்கணக்கான முக்கோணங்களைக் கொட்டின. அன்றைய கணினிகள் திணறின. 1998-இல் வட கரோலினாவில் கோஹன், ஒலானோ, மனோச்சா மூவரும், இத்தாலியின் பீசாவில் சிக்னோனியின் குழுவும் அநேகமாக ஒரே விடையைச் சொன்னார்கள். முக்கோணங்களைக் குறைத்துக்கொள், தொலைந்த நுணுக்கத்தைப் படமாக எழுதி மேலே ஒட்டு. நார்மலின் மூன்று திசைகளும் சிவப்பு, பச்சை, நீலமாகப் பதிவாகும். சாயாமல் நிற்கும் நார்மலுக்கு அந்த மூன்றின் அளவு 128, 128, 255. அந்த இளநீலம் அங்கிருந்துதான்.

2004-இல் டூம் 3 என்ற கேம் வந்தபோது இது ஆய்வகத்தை விட்டுத் தெருவுக்கு வந்தது. அசுரனை ஏராளமான முக்கோணங்களில் (ஹைபாலி) செதுக்கி, அதன் நுணுக்கத்தைக் குறைந்த முக்கோணங்கள் கொண்ட நகலுக்கு (லோபாலி) மேப்பாக எழுத, அதாவது பேக் செய்ய, ரெண்டர்பம்ப் என்ற கட்டளையை அந்த கேமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் தன் எஞ்சினுக்குள்ளேயே வைத்திருந்தது. அசுரர்களின் தோலுக்கு எந்தக் குறையும் வரவில்லை. கரடுமுரடான சதையில் சின்னப் பிசகை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? வம்பெல்லாம் தகட்டிலும் எந்திரத்திலும்தான்.

பேக்கிங்கில் லோபாலியின் பரப்பிலிருந்து கதிர்கள் கிளம்பி, ஹைபாலியில் படும் இடத்தின் நார்மலை எழுதிவைக்கும். ஹார்ட் எட்ஜ் என்கிற கூரான விளிம்பு என்றால் ஒரே மூலையில் இரண்டு நார்மல்கள். கதிர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோகும். நடுவே உள்ள ஆப்பு வடிவ இடைவெளியை எந்தக் கதிரும் தொடாது. ஹைபாலியில் பார்த்துப் பார்த்து மழுக்கிய விளிம்பு இருப்பதோ அங்கேதான்! அதனால் மேப்பில் ஒரு வெட்டுக்கோடு விழும். நார்மல்களைச் சராசரியாக்கிய கேஜ் என்கிற உறை ஒன்றைப் போர்த்தினால் இடைவெளி மூடும். ஆனால் கதிர்கள் சாய்ந்துபோவதால் தகட்டின் ஓரத்துத் திருகாணிகள் கோணலாகப் பதியும். அதைச் சரிக்கட்ட லோபாலியில் விளிம்பை ஒட்டி இன்னொரு வளையம் வெட்டுவார்கள். ஹார்ட் எட்ஜ் உள்ள இடத்திலெல்லாம் யூவி என்கிற தட்டையான விரிப்பையும் பிரித்து, பிரிந்த தீவுகளுக்கிடையே சில பிக்சல் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கத்து நிறம் மறுபக்கத்தில் கசியும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தும் தகட்டில் கறை போல நிழல் படிந்தது. காரணம் கலைஞர் கையில் இல்லை. மேப்பில் உள்ள திசைகள் டேன்ஜென்ட் என்கிற துணை அச்சுகளை வைத்து எழுதப்படுபவை. அந்த அச்சுகளை பேக் செய்யும் மென்பொருள் ஒரு விதமாகவும் கேம் எஞ்சின் வேறு விதமாகவும் கணக்கிட்டன. ஒருவர் தன் கைமுழத்தால் அளந்த துணியை இன்னொருவர் தன் முழத்தால் அளந்து வெட்டினால் சட்டை எப்படியிருக்கும்?

அதற்குத் தீர்வு கொண்டுவந்தவர் மார்ட்டன் மிக்கல்சன். 2008-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வேட்டுக்கு பிளினின் தலைப்பையே எடுத்து, கடைசியில் ‘மறுபார்வை’ என்று சேர்த்துக்கொண்டார். முக்கோணங்கள் எந்த வரிசையில் வந்தாலும் ஒரே விடை தரும் கணக்கு அவருடையது. இதைவிட நல்ல கணக்கு இருக்கலாம். ஆனால் நிரலையே எவரும் எடுத்துக்கொள்ளும்படி அவர் கொடுத்துவிட்டதுதான் ஜெயித்தது என்பேன். மிக்டிஸ்பேஸ் என்ற பெயரில் பிளெண்டர் மென்பொருள், யூனிட்டி, அன்ரியல் எஞ்சின்கள் என மூன்றிலும் இன்று அது ஓடுகிறது.

பச்சைச் சேனல் தகராறு மட்டும் இன்னும் தீரவில்லை. பச்சை கூடினால் மேல்நோக்கிய சாய்வு என்பது பிளெண்டர், யூனிட்டி கட்சி. கீழ்நோக்கி என்பது அன்ரியல் கட்சி. ஒரு கட்சியின் மேப்பை மறுகட்சியில் போடும்போது பச்சையைத் தலைகீழாக்க மறந்தால் புடைத்து நிற்க வேண்டிய திருகாணி குழியாகத் தெரியும்.