கண்காணிப்புக்கான எதிர்வினையும் சாதிநிலையும்: மதுரை வட்டாரம்

அரசின் கண்காணிப்பை ஒரு சமுதாயம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை, அதன் கடுமையைக் காட்டிலும் அது யார்மேல் பாய்கிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் இதை இனத்தை வைத்து விளக்குவர். இருட்டிய பின் அடிமைகள் விளக்கில்லாமல் நடமாடக் கூடாது என்று 1713-இல் நியூயார்க் நகரம் சட்டம் போட்டது. 1963-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க ராபர்ட் கென்னடி அனுமதி கொடுத்தார். ஆனால் கண்காணிப்பு எல்லோருக்குமான பிரச்சினையாகப் பேசப்பட்டது, சாதாரணக் குடிமக்களின் அழைப்புப் பதிவுகளும் திரட்டப்படுவதை 2013-இல் எட்வர்ட் ஸ்நோடன் வெளியிட்ட பிறகுதான். மதுரைச் சமவெளியில் இனத்தின் இடத்தில் சாதி இருக்கிறது. இங்குள்ள சான்று இன்னும் துல்லியமானது.

1871-இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டுத் திருத்த வடிவில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு கூட்டம் பெருங்குற்றங்களை வழக்கமாகச் செய்கிறது என்று நம்பக் காரணம் இருப்பதாக அரசு கருதினால் போதும், அறிவிக்கை வெளியிடலாம். அது செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. பிரமலைக் கள்ளர்மீது இது 1914 முதல் கட்டம் கட்டமாகப் பாய்ந்தது. ஆண்கள் பெயர் பதிந்து விரல்ரேகை உருட்ட வேண்டும். அதனால் ஊர்வாயில் அது ‘ரேகைச் சட்டம்’ ஆயிற்று. பதிவானவர்கள் இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ப் பொதுவிடத்திலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ‘ராத்திரிச் சீட்டு’ வாங்க வேண்டும். தண்டனை பெற்றவரா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூர் இந்தப் பதிவை ஏற்க மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று அங்கே போலீசார் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்ததாக ஊர் நினைவுகூர்கிறது.

இதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன், 1919 ஏப்ரல் 6 அன்று, ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடே கடையடைத்தது. விசாரணையின்றிக் காவலில் வைக்க அச்சட்டம் வழிசெய்தது என்பதே பொதுவாக நினைவில் நிற்கிறது. அதன் மற்றொரு பகுதியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை: சந்தேகத்துக்கு உள்ளானவர் இருப்பிடத்தையும் இடமாற்றத்தையும் அறிவிக்க வேண்டும், குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும், போலீசில் ஆஜராக வேண்டும். கள்ளர் நாட்டில் அப்போதே நடைமுறையில் இருந்த கட்டுப்பாடுகள்தாம் இவை. வேறுபாடு ஒன்றே: ரௌலட் சட்டம் வக்கீல்களையும் பத்திரிகை ஆசிரியர்களையும் தீண்டக்கூடியது. அதைக் கறுப்புச் சட்டம் என்றார்கள். அது பயன்படுத்தப்படாமலே 1922-இல் நீக்கப்பட்டது. குற்றப்பரம்பரைச் சட்டமோ தலைமுறைக் கணக்கில் அமலில் இருந்து, சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் ஒழிந்தது. இடையில் 1937 முதல் 1939 வரை ஆண்ட காங்கிரஸ் அமைச்சரவையும் அதை நீக்கவில்லை. முத்துராமலிங்கத் தேவர் காங்கிரசோடு பிணங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். விதிவிலக்காக நின்றவர் ஜார்ஜ் ஜோசப். மதுரையில் ரௌலட் எதிர்ப்பை முன்னின்று நடத்திய இந்த மலையாளக் கிறிஸ்தவ பாரிஸ்டர், கள்ளருக்காகவும் வாதாடினார். கள்ளர் நாட்டில் அவருக்கு ‘ரோசாப்பூ துரை’ என்று பெயர்.

காந்தியின் முதல் சத்தியாக்கிரகமும் விரல்ரேகையை எதிர்த்து எழுந்ததுதான். 1906-இல் டிரான்ஸ்வாலில் இந்தியர் அனைவரும் ரேகை பதிந்து சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்ற ஆணையை எதிர்த்துத் தமிழர் பலர் சிறை சென்றனர். ரேகை குற்றவாளிகளிடம் மட்டுமே சட்டப்படி எடுக்கப்படுவது என்று தாம் படித்தறிந்ததைக் காந்தி அப்போராட்ட வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த அவமானம் நியாயமானது. ஆனாலும் கௌரவமானவர்களைக் குற்றவாளிகளைப்போல நடத்தலாமா என்று கேட்பவர், பிறப்பிலேயே குற்றவாளி என்று எழுதப்பட்டவருக்கு அந்த வாதத்தில் இடம் வைக்கவில்லை.

களவு உண்மையாகவே நடந்ததே என்பது முதல் மறுப்பு. நடந்தது. மாடு களவு போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்கும் வழக்கம் மதுரைக் குடியானவர்களை வாட்டியது. காவல்கூலி வாங்கிக்கொண்டு ஊரைக் காத்த கள்ளருக்கு எதிராக 1896-இல் மற்றச் சாதிக் குடியானவர்கள் திரண்டதும் வெறும் காழ்ப்பால் அல்ல. ஆகவே இச்சட்டத்தை வரவேற்றவர்களை எல்லாம் ஈவிரக்கமற்றவர்கள் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் திருட்டைத் தண்டிக்கத் தண்டனைச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. வேறொரு சாதியில் சிலர் கள்ளக்கணக்கு எழுதினால் அச்சாதி முழுவதையும் காவல் நிலையத்தில் படுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை. சலுகை பெற்றவர் என்று சொல்லத் தக்கவர் இவர்தான்: தம் சாதியார் செய்த குற்றம் தம் கணக்கில் ஏறாதவர்.

இன்னொரு மறுப்பு கனமானது: சாதி, கறுப்பு வெள்ளை போல இரண்டாகப் பிரிவதில்லை, மதுரை மேற்கில் கள்ளரே ஆதிக்கச் சாதியும்கூட. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது உள்ளூர் எதிர்ப்பால் தலைவர் பதவி 2006 வரை முறையாக நிரம்பவில்லை. ஆண்டுதோறும் பெருங்காமநல்லூரை நினைவுகூரும் அதே வட்டாரம் இது. பட்ட துன்பம் பிறர் துன்பத்தைத் தானாகப் புரியவைக்கும் என்ற எதிர்பார்ப்பை இது உடைக்கிறது, வாதத்தை உடைக்கவில்லை. சலுகை நிலையான உடைமை அல்ல, எதிரே நிற்பவரைப் பொறுத்து மாறும் இடம் என்றே காட்டுகிறது. அரசின் முன் கள்ளர் கீழே இருந்தனர், சேரியின் முன் மேலே. எண்ணிக்கையும் நிலமும் அமைப்பும் இருந்ததால் அவர்கள் சட்டத்தை எதிர்த்து நிற்க முடிந்தது. அதே சட்டத்தின் பட்டியலில் இருந்த குறவர்களுக்கு அந்த வலு வாய்க்கவில்லை.

சட்டம் ஒழிந்தும் அதன் பழக்கம் ஒழியவில்லை. சென்னை மாகாணம் 1948-இல் வழக்கமான குற்றவாளிகளுக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. காவல் நிலையங்களில் சந்தேகத்துக்குரியவர்களைப் பற்றிய சரித்திரப் பதிவேடுகள் தொடர்ந்தன. கொள்ளை வழக்கில் சான்றில்லாமல் விடுவிக்கப்பட்டும் இத்தகைய பதிவேட்டில் ஏற்றப்பட்ட கரக் சிங், இரவில் கதவைத் தட்டும் போலீசுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார். 1962 தீர்ப்பு அந்த இரவுச் சோதனையை மட்டும் ரத்து செய்தது. அந்தரங்கம் என்ற உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றது பெரும்பான்மை. அது அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்டு 24 அன்று, ஆதார் வழக்கில்; மனுதாரர் புட்டசாமி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. ஆதாருக்காக நாடு முழுவதும் விரல் வைத்த பிறகே ரேகை எல்லோருடைய கவலையும் ஆயிற்று. பின்தங்கிய சமூகங்களில் பிறந்த ஒரே காரணத்துக்காக யார் பெயரையும் சரித்திரப் பதிவேட்டில் இயந்திரத்தனமாக ஏற்றக் கூடாது, மாநிலங்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தானாக முன்வந்து கூறியது. அந்தப் பேச்சு எழுந்தது, தம் மனைவி மக்களின் விவரங்களையும் டெல்லி போலீஸ் பதிவேட்டில் சேர்த்துவிட்டது என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் தொடுத்த வழக்கில்.