நெல் விலை விழுந்தப்போ

போன வாரம், முதல் ஃபிளாட்டை ஈடு வச்சு ரெண்டாவது வாங்கலாமான்னு எக்செல்ல கணக்குப் போட்டேன். பர்மா ஞாபகம் வந்தது.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்குக் கிராக்கி கூடியது. ஐராவதி டெல்டாவில் காடு திருத்திய விவசாயிகளுக்குப் பணம் கொடுத்ததில் நம்ம நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முக்கியமானவர்கள். ஈடு, நிலம்.

1930-ல் நெல் விலை சரிந்தது, கடன் குறையவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையிலிருந்த நிலம் சுமார் 6 சதவீதம், 1938-ல் 25.

விவசாயி நிலத்தை இழந்தார். செட்டியார்களும் ஜெயிக்கலை: கேட்டது பணம், கிடைச்சது வயல். 1942-ல் ஜப்பான் படை வந்தது; 1948-ல் நில நாட்டுடைமைச் சட்டம்.

என் எக்செல்ல, விலை விழுந்தா என்னங்கிறதுக்கு ஒரு ரோகூட இல்லை. இப்போ சேர்த்திருக்கேன்.