சங்கீதம் 14: மதிகேடனும் மனிதச் சீர்கேடும்

சங்கீதம் 14, எபிரேய வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் உள்ள ஏழு வசனச் சிறு பாடல். கடவுள் இல்லை என்று தன் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் மதிகேடனைக் காட்டித் தொடங்குகிறது. மனிதர் அனைவரும் கெட்டுப்போனதைச் சாற்றுகிறது. சீயோனிலிருந்து இஸ்ரவேலுக்கு மீட்பு வரவேண்டும் என்ற ஏக்கத்தோடு முடிகிறது. இதே பாடல் சிற்சில மாற்றங்களுடன் 53ஆம் சங்கீதமாகவும் இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் லத்தீன் வுல்காத்தாவிலும் இவ்விரண்டின் எண்கள் 13, 52.

பாடலின் போக்கு எளியது. மதிகேடனின் எண்ணமும் அதன் விளைவான அருவருப்பான செயல்களும் முதல் வசனத்தில் வருகின்றன. அடுத்து, கடவுள் வானத்திலிருந்து குனிந்து பார்க்கிறார். தம்மைத் தேடும் உணர்வுள்ளவன் ஒருவனாவது உண்டா என்று ஆராய்கிறார். ஒருவனும் இல்லை என்பதே மூன்றாம் வசனத்தின் தீர்ப்பு. நோவாவின் காலத்தில் பூமி சீர்கெட்டிருந்ததைக் கடவுள் பார்த்ததாகச் சொல்லும் ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தின் சாயல் இங்கே தெளிவாகத் தெரிகிறது. கேட்டைக் குறிக்கும் எபிரேய வினைச்சொல்லும் இரண்டு இடங்களிலும் ஒன்றே. நான்காம் வசனத்தில் பேச்சு சட்டென்று தரைக்கு இறங்குகிறது: அக்கிரமக்காரர் ஏழை மக்களை அப்பம் தின்பதுபோலத் தின்கிறார்கள். ஐந்து, ஆறாம் வசனங்களில் அவர்களைத் திகில் பிடிக்கிறது. நீதிமான்களின் பக்கம் கடவுள் நிற்கிறார்.

இந்த மதிகேடன் தத்துவம் பேசும் நாத்திகன் அல்லன். தெய்வங்கள் நிறைந்திருந்த பண்டைய மேற்காசியாவில் கடவுளே கிடையாது என்ற கொள்கை விவாதப் பொருளாக இருக்கவில்லை. தன்னைக் கணக்குக் கேட்க ஆளில்லை என்ற துணிச்சலையே பாடல் குறிவைக்கிறது. கடவுள் பார்க்கமாட்டார், விசாரிக்கமாட்டார் என்று எண்ணும் கொடியவர்கள் 10, 73, 94ஆம் சங்கீதங்களிலும் வருகிறார்கள். மதிகேடனைக் குறிக்கும் ‘நாபால்’ என்ற எபிரேயச் சொல்லின் பிற ஆட்சிகளும் இதையே உறுதிப்படுத்துகின்றன. 1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தில் இதே பெயருள்ள செல்வன் ஒருவன் வருகிறான். 3,000 செம்மறியாடுகளும் 1,000 வெள்ளாடுகளும் உடையவன். அவனுடைய மேய்ப்பர்களுக்குக் காவலாக இருந்த தாவீதின் ஆட்கள், மயிர் கத்தரிக்கும் விருந்து நாளில் உணவு கேட்கிறார்கள். தன் அப்பத்தையும் தண்ணீரையும் ஊர்பேர் தெரியாதவர்களுக்குக் கொடுப்பதா என்று அவன் விரட்டிவிடுகிறான். கடவுளை மறுத்து அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏசாயா 32ஆம் அதிகாரமும், பசித்தவனைப் பட்டினி போடுபவனுக்கும் தாகமுள்ளவனுக்குத் தண்ணீரை மறுப்பவனுக்கும் இச்சொல்லையே சூட்டுகிறது. இங்கே அறிவின்மை என்பது மூளைக் குறைவு அன்று, நெறிக் குறைவு.

பாடலுக்குள் ஒரு முரண் இருக்கிறது. நன்மை செய்பவன் ஒருவனும் இல்லை என்று மூன்றாம் வசனம் முடிக்கிறது. ஆனால் அடுத்த வசனமே கடவுளின் மக்களைத் தனியே பிரித்துப் பேசுகிறது, ஐந்தாம் வசனம் நீதிமான்களின் கூட்டத்தைக் குறிப்பிடுகிறது. எல்லாரும் கெட்டவர்கள் என்றால் இந்த நீதிமான்கள் யார்? மூன்றாம் வசனத்தைக் கவிஞனின் மிகைக்கூற்றாகக் கொள்வோர் உண்டு. அது ஒடுக்குபவர்களை மட்டும் சுட்டுகிறது என்போரும் உண்டு. மனிதர் யாவரும் என்று பொருள்படும் சொல்லாட்சி இரண்டாம் விளக்கத்துக்கு இடம் கொடுப்பதாக இல்லை. நீதிமான் என்பது குறையற்றவனை அன்றி, ஒடுக்கப்பட்டுக் கடவுளிடம் அடைக்கலம் புகுந்தவனைக் குறிக்கிறது என்று கொண்டால் முரண் பெரும்பாலும் தளர்ந்துவிடும். ஆறாம் வசனம் ஏழையின் அடைக்கலம் கடவுளே என்று கூறுவது இதற்குத் துணை.

14, 53 ஆகிய இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுகளில் முதலாவது கடவுளின் பெயர். முன்னதில் யாவே என்ற பெயர் நான்கு முறையும் ஏலோகிம் மூன்று முறையும் வருகின்றன. பின்னதில் ஏழு இடங்களிலும் ஏலோகிம்தான். 42 முதல் 83 வரையுள்ள சங்கீதங்களில் பொதுவாகவே ஏலோகிம் மேலோங்கியிருக்கிறது. ஆகவே இது தொகுத்தவர் கைவண்ணம் எனக் கருதப்படுகிறது. மற்ற வேறுபாடு பெரியது. 14இல் ஏழைக்கு அடைக்கலமாகும் கடவுள், 53இன் அதே இடத்தில் முற்றுகையிட்ட பகைவர்களின் எலும்புகளைச் சிதறடிக்கிறார். உள்நாட்டு ஒடுக்குமுறையைப் பற்றிய பாடல் ஒரு போர்ச் சூழலுக்குப் பொருந்துமாறு மாற்றப்பட்டிருக்கலாம். கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப்பின் படை எருசலேமை நெருக்கியதைச் சிலர் இதனோடு இணைப்பார்கள். 11ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷி வேறு வழியில் போகிறார்: முதற்பாடல் முதல் ஆலயத்தை அழித்த நேபுகாத்நேச்சாரையும், மற்றது இரண்டாம் ஆலயத்தை அழித்த தீத்துவையும் குறிக்கும் என்பது அவர் உரை.

இரண்டின் தலைப்புகளும் தாவீதின் பெயரைத் தாங்குகின்றன. ஆயினும் சிறையிருப்பு மாறுவதைப் பற்றிய இறுதி வசனம் பாபிலோனிய நாடுகடத்தலை நினைவூட்டுவதால், பாடலையோ அந்த வசனத்தை மட்டுமோ பிற்காலத்ததாகக் கொள்வோர் பலர். அத்தொடருக்கு நல்வாழ்வு மீளுதல் என்ற பொதுப்பொருளும் உண்டு. அதனால் அதை மட்டும் வைத்துக் காலத்தை உறுதிசெய்ய முடியாது.

கிறிஸ்தவ மரபில் இப்பாடலுக்குப் பெரும் இடம் தேடித்தந்தவர் பவுல். யூதர், கிரேக்கர் யாவரும் பாவத்துக்குட்பட்டவர்களே என்று ரோமர் 3ஆம் அதிகாரத்தில் நிறுவும்போது இதன் தொடக்க வசனங்களை எடுத்தாண்டு, அவற்றோடு வேறு சில சங்கீதங்களையும் ஏசாயா 59ஐயும் கோத்தார். அந்தக் கோவை முழுவதும் கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் இப்பாடலுக்குள்ளேயே புகுந்துவிட்டது. அங்கிருந்து லத்தீனுக்கும் ஆங்கிலேயத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்துக்கும் சென்றதால், அந்நூலில் மட்டும் 14ஆம் சங்கீதத்துக்குப் பதினொரு வசனங்கள்.

மதிகேடனைத் தத்துவ மேடையில் ஏற்றியவர் நார்மண்டியின் பெக் மடத்துத் துறவி ஆன்செல்ம். 1077–78இல் எழுதிய ‘புரொஸ்லோகியோன்’ நூலில், எதைவிடப் பெரியதொன்றை நினைக்கவே முடியாதோ அதுவே கடவுள் என்று வரையறுத்து, அந்தச் சொற்களைப் புரிந்துகொள்ளும் மதிகேடனே கடவுளின் இருப்பை ஒப்ப வேண்டியவனாகிறான் என்று வாதிட்டார். கௌனிலோ என்ற மற்றொரு துறவி மதிகேடனின் சார்பில் மறுப்பு எழுதினார்: இதே வழியில், எதைவிடச் சிறந்த தீவு இல்லையோ அத்தகைய தீவொன்று எங்கோ இருப்பதாகவும் நிரூபித்துவிடலாமே என்றார். மறுப்பையும் தம் பதிலையும் நூலோடு சேர்த்தே படியெடுக்க வேண்டும் என்று ஆன்செல்ம் கேட்டுக்கொண்டார். விவாதம் கூர்மையானதுதான், ஆனால் சங்கீதம் கண்டித்த ஏழைகளைத் தின்னும் மனிதன் அதில் காணாமற்போய்விட்டான்.

ஓவியர்கள் அவனை மறக்கவில்லை. இடைக்கால ஐரோப்பிய சங்கீதச் சுவடிகளில், வாராந்தர வழிபாட்டுப் பிரிவொன்று லத்தீன் எண் 52இல் தொடங்குவதால் அதன் முதலெழுத்தான ‘டி’ பெரிதாக வரையப்படும். அதற்குள் அரைநிர்வாணமாகவோ கோமாளி உடையிலோ ஒருவன் நிற்பான். ஒரு கையில் தடி, மறு கையில் அவன் கடித்துத் தின்னும் அப்பம். அப்பம் நான்காம் வசனத்திலிருந்து வந்ததாகவே கொள்ளப்படுகிறது. சீர்திருத்தவாதி லூத்தரோ 14ஆம் சங்கீதத்தை ஜெர்மன் மொழியில் சபைப்பாடலாக ஆக்கினார். 1524இல் வெளியான முதல் லூத்தரன் பாடல் தொகுப்பின் எட்டுப் பாடல்களுள் அதுவும் ஒன்று.