மணமாகாத மகனின் தேட்டம்: தேசவழமையின் ஒரு விதியும் யாழ்ப்பாண வீட்டுப் பிணக்கும்

பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை ஆண்மக்கள் எதையும் உரிமையாகக் கேட்க முடியாது. கலியாணத்துக்கு முன் அவர்கள் உழைத்துத் தேடிய அனைத்தும் வீட்டின் பொது உடைமையோடு சேர வேண்டும். மகன் கலியாணம் முடித்து வேறு வீடு போனாலும், பெற்றோர் இறக்கும்வரை அந்தத் தேட்டம் அங்கேயே நிற்க வேண்டும். அவன் உடம்பில் அணிந்திருக்கும் பொன், வெள்ளி நகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புதல் தந்து, 1707இல் நடைமுறைக்கு வந்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின் தொகுப்பில் சீதன விதிகளை அடுத்து வரும் ஒரு விதியின் சாரம் இது. முதுசம் (வழிவழி வந்த சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் ஈட்டியது) ஆகியவற்றைப் பற்றி எழுதிய அளவுக்கு நம்மவர்கள் இந்த விதியைப் பற்றி எழுதவில்லை. வளர்ந்த மகனும் பெற்றோரும் ஒரே வீட்டில் வாழ்ந்தபோது எழுந்த பூசலை இவ்வளவு நேராகத் தொடும் பழைய சட்ட வாசகம் யாழ்ப்பாணத்தில் வேறொன்று இல்லை.

இதைப் படிக்க முயலும் எவரும் எச். டபிள்யூ. தம்பையாவைத் தாண்டித்தான் வர வேண்டும். இலங்கைத் தமிழரின் சட்டங்களையும் வழக்கங்களையும் அவர் போல ஊன்றி ஆராய்ந்தவர் இல்லை. அவருடைய மைய வாதம் எல்லோரும் அறிந்தது: தேசவழமையின் அடித்தளம் மலபாரிலிருந்து வந்த மருமக்கள்தாயம் என்ற தாய்வழி மரபுரிமை வழக்கம், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த குடியேற்றங்களோடு இந்துச் சட்டக் கருத்துகள் அதன்மேல் படிந்தன. தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் போன பழைய முறையை விளக்க இந்த இரண்டடுக்குச் சட்டகம் நன்றாகவே உதவுகிறது. ஆனால் இச்சட்டகத்தை ஏற்றுக்கொண்டவர்கள் மணமாகாத மகனின் தேட்டத்தை என்ன செய்வார்கள்? மருமக்கள்தாயத்தில் அதற்கு இடமில்லை. தறவாட்டில் பொதுச் சொத்து தாய்வழிக் கூட்டத்துடையது, அதை நடத்துபவர் காரணவர். தந்தையும் தாயும் சேர்ந்து தலைமை தாங்கும் வீடு அங்கே அலகே இல்லை. ஆகவே, மேலடுக்கான இந்துக் கூட்டுக் குடும்பத்தின் எச்சம் இது என்றுதான் அவர்கள் சொல்லியாக வேண்டும். தம்பையாவின் வழியில் போனால் இந்த முடிவைத் தவிர்க்க முடியாது. எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. அதற்கான காரணங்களை விரிவாகவே சொல்ல வேண்டும்.

கூட்டுக் குடும்பம் என்றால் நாம் நினைப்பது மிதாட்சரத்தைத்தான். விஞ்ஞானேசுவரரின் கோட்பாட்டில் மகனுக்குப் பிதிரார்ஜிதச் சொத்தில் பிறப்பினாலேயே உரிமை உண்டு. தந்தை இறக்கும்வரை அவன் காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் இந்தக் கோட்பாட்டுக்கு எவ்வளவு கூர்மை இருந்தது என்பதை 1862ஆம் ஆண்டின் நாகலிங்க முதலி வழக்கு காட்டுகிறது. பேரன் பாட்டன்மீதே பாகப்பிரிவினை கேட்டு வழக்குத் தொடரலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அதில் ஏற்றுக்கொண்டது. பம்பாய் அவ்வளவு தூரம் போகவில்லை. 1891இல் ஆபாஜி நர்ஹர் வழக்கில், தந்தை தன் தகப்பனோடோ சகோதரரோடோ கூட்டாக இருக்கும்போது, அவர் சம்மதமின்றி மகன் பிரிவினை கேட்க முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். காசிநாத் திரியம்பக் தெலாங் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். மகன் எப்போது கேட்கலாம் என்பதில்தான் இரு நீதிமன்றங்களும் வேறுபட்டன. கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது என்பது இரண்டிலும் அடிப்படை. தேசவழமையோ அந்த அடிப்படையையே மறுக்கிறது: பெற்றோர் உள்ளவரை மகனுக்குக் கேள்வியே இல்லை. படிந்த அடுக்கு மிதாட்சரமாக இருந்தால், அதன் உயிர்நாடியான பிறப்புரிமை மட்டும் எப்படி வழியில் உதிர்ந்தது?

மகனின் சொந்த உழைப்பு விஷயத்திலும் இதே இடர்ப்பாடு வருகிறது. குடும்பச் சொத்துக்குக் குறைவு வராமல் மகன் தானே தேடியது அவனுடையது என்பதை மிதாட்சரம் ஏற்கிறது. குடும்பச் செலவில் படித்துப் பெற்ற வருமானம் பற்றித்தான் தகராறு. அத்தகராறு நெடுங்காலம் ஓடியது. 1890களில் வி. பாஷ்யம் ஐயங்கார் சென்னைச் சட்டசபையில் அதற்கென்று ஒரு மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. 1921இல் கோகல் சந்த் வழக்கில், குடும்பச் செலவில் படித்து ஐ.சி.எஸ். அதிகாரியானவரின் சம்பாத்தியத்தையும் குடும்பச் சொத்தாகவே பிரிவி கவுன்சில் கருதியது. அதன் விளைவாக 1930இல் கல்வி வருமானத்துக்கான தனிச் சட்டம் வந்தது. இந்த நெடிய வாதம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியது: குடும்பம் மகனுக்காக என்ன செலவிட்டது? தேசவழமை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. படித்தானா, குடும்ப நிலத்தில் உழைத்தானா, அயலூரில் கூலி வேலை செய்தானா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. அது பார்ப்பது ஒன்றைத்தான்: கலியாணம் ஆகிவிட்டதா, இல்லையா?

இந்த இடத்தில் மனுவைத் துணைக்கு அழைக்கலாம். மனைவி, மகன், அடிமை மூவருக்கும் சொத்தில்லை என்ற அவருடைய வாக்கு பலரும் அறிந்ததே. ஆனால் அதுவும் இங்கே பொருந்தாது. தன் விருப்பப்படி செலவிடும் சுதந்திரம் மட்டுமே அவர்களுக்கு இல்லை என்று பிற்கால உரைகாரர்கள் அதைச் சுருக்கிவிட்டார்கள். மேலும் அந்த வாக்கில் கலியாணம் எல்லைக்கோடாக இல்லை. வங்காளத்தின் தாயபாகத்தில் தந்தை உள்ளவரை மகனுக்கு உரிமை இல்லைதான். ஆயினும் மகன் சம்பாதித்த அனைத்தையும் எடுத்துக்கொள் என்று அது தந்தைக்குச் சொல்லவில்லை. யாழ்ப்பாண விதிக்கு இந்து நூல்களில் நேரான மூலம் எங்கும் அகப்படவில்லை.

வீட்டு அமைப்பும் இதற்கு ஒத்துவராது. மகன்கள் மனைவியரோடு தந்தையின் கூரைக்குக் கீழ் திரண்டு வாழ்வதுதான் கூட்டுக் குடும்பம். யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். கலியாணம் முடித்த ஆண் பெரும்பாலும் மனைவியின் வீட்டுக்குப் போவான். ஆகவே அங்கே தந்தையின் வீட்டில் தங்கியிருக்கும் வளர்ந்த மகன் என்றால் பெரும்பாலும் அவன் மணமாகாதவன். மாமியார், மருமகள் பூசலைவிட வேறொரு பூசல் அந்த வீட்டில் நின்றது: உழைக்கத் தொடங்கிவிட்ட, ஆனால் இன்னும் வெளியேறாத மகனுக்கும் பெற்றோருக்கும் இடையிலான பூசல்.

இனி, விதியில் உள்ள இரண்டு சொற்றொடர்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதலாவது, மகன் மணம் முடித்து வீட்டைவிட்டுப் போன பிறகும் என்ற பகுதி. ஐசாக்ஸ் முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர். ஆனாலும் அவர் எழுதியது ஆளுநர் சைமன்ஸ் இட்ட கட்டளைப்படி, ஒல்லாந்த நீதிமன்றங்களின் பயனுக்காக. அந்த நீதிமன்றத்தார் பழகிய உரோம ஒல்லாந்தச் சட்டத்தில், பெற்றோர் வீட்டில் அவர்கள் சோற்றை உண்டு வாழும் பிள்ளையின் உழைப்பு பெற்றோருக்கே சேரும். ஆனால் கலியாணமோ தனிக் குடியிருப்போ அவனை அந்த அதிகாரத்திலிருந்து விடுவித்துவிடும். ஒல்லாந்த நீதிபதிக்கு விதியின் முதற்பாதி இயல்பாகப் படும். இரண்டாம் பாதி வியப்பூட்டும். மகன் போன பிறகு எப்படி என்று அவர் கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கான விடையாகவே இப்பகுதி எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். என் ஊகம் சரியென்றால், இப்பகுதி நமக்குப் பெரிய சாட்சி. ஐசாக்ஸ் தன் நாட்டுச் சட்டத்தை யாழ்ப்பாணத்தின்மேல் ஏற்றி எழுதினார் என்ற ஐயத்தை, குறைந்தது இந்த விதியைப் பொறுத்தவரை, இது போக்குகிறது.

இரண்டாவது, நகை விலக்கு. இதைக் கடந்துபோகிறவர்கள் விதியின் உள்ளத்தைத் தவறவிடுகிறார்கள். விலக்குப் பெறுவது வேலைப்பாடு செய்த பொன், வெள்ளி மட்டும். அதுவும் அணிந்ததாக இருக்க வேண்டும். மகனே வாங்கியதானாலும் பெற்றோர் கொடுத்ததானாலும் வேறுபாடில்லை. தந்தையின் அதிகாரத்தைக் காப்பதுதான் விதியின் நோக்கமென்றால், தந்தை தந்த நகையைத் தந்தை திரும்பப் பெறலாம் என்றல்லவா இருக்க வேண்டும்? அப்படி இல்லை. பெற்றோரின் கொடையும்கூட, மகனின் காதில் கடுக்கனாகவோ இடுப்பில் அரைஞாணாகவோ ஏறிவிட்டால் அவனுடையது. காசாகவோ கட்டிப் பொன்னாகவோ இருப்பது வீட்டுக்கு. தட்டான் கைபட்டு உடம்பில் ஏறியது ஆளுக்கு. இதன் நடைமுறை விளைவு என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். புகையிலை, பனைமரம், சாயவேர் வாணிகத்தோடு ஒட்டிய வேலைகளில் காசு கண்ட ஓர் இளைஞன், தன் உழைப்பில் ஒரு பகுதியைச் சட்டப்படியே தனக்கென்று வைத்துக்கொள்ளத் தட்டார் பட்டறை வழி திறந்திருந்தது. எவ்வளவு வரை நகை செய்யலாம் என்ற அளவை விதி சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் வீட்டுக்கு வீடு வாக்குவாதம் நடந்திருக்கும். மணமகன் பக்கத்தார் கொண்டுவரும் தாலிக்கு இந்தப் பொன் உதவியது என்றுகூட எண்ணத் தோன்றுகிறது. எழுத்துச் சான்று இல்லாத இடம் இது. எனினும் வேறு எதையும் கைவசம் வைத்திருக்க விடாத சட்டம் இதை மட்டும் விட்டுவைத்ததற்கு வேறு பொருத்தமான காரணம் தெரியவில்லை.

அப்படியானால் விதியின் நோக்கம் என்ன? என் விடை: சகோதரிகளின் சீதனம். இதற்கான பிடி தொகுப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது. முற்காலத்தில் தாயின் சீதனத்திலிருந்தே மகளுக்குச் சீதனம் போயிற்று. போர்த்துக்கீசர் காலத்தில், குறிப்பாக பிலிப்பே மஸ்கரேஞ்ஞாஸ் ஆட்சி செய்தபோது, வழக்கங்கள் மாறின. இப்போது முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற வேறுபாடு பாராமல் எதிலிருந்தும் சீதனம் கொடுக்கிறார்கள் என்று வயது முதிர்ந்த முதலியார்கள் சாட்சி சொன்னதாக ஐசாக்ஸ் எழுதுகிறார். பழைய முறையில் மகனின் தேட்டம் வீட்டுக்குத் தேவைப்படவில்லை. தாயிடம் இருந்தது மகளுக்குப் போயிற்று, கணக்கு முடிந்தது. எல்லா உடைமையும் ஒரே குவியலாகி, அதிலிருந்து ஒவ்வொரு மகளும் தன் பங்கை எடுத்துக்கொண்டு போகத் தொடங்கியபோது, குவியல் வற்றாமல் இருக்க யாராவது அதில் கொட்ட வேண்டியிருந்தது. கொட்டியவன் மணமாகாத மகன். பெற்றோர் விட்டுப்போன கடனையும் மகன்களே தீர்க்க வேண்டும் என்ற விதி இதோடு சேர்ந்து நிற்கிறது. மகள் கொண்டுபோகிறாள், மகன் கொண்டுவருகிறான், கடனுக்கும் நிற்கிறான்.

இந்தப் பின்னணியில், மகன் போன பிறகும் தேட்டம் அங்கேயே நிற்க வேண்டும் என்பதன் பொருள் துலங்குகிறது. மூத்தவன் கலியாணம் முடித்துப் போகும்போது வீட்டில் இன்னும் இரண்டு தங்கைகள் இருக்கலாம். அவன் தேடியதை எடுத்துக்கொண்டு போனால் அவர்களுடைய கலியாணம் நின்றுவிடும். பெற்றோர் இறந்த பிறகு மிஞ்சுவதை ஆண்மக்கள் பங்கிடும்போது, அவன் போட்டதும் பொதுவில் கரைந்திருக்கும். அதிகம் உழைத்தவனுக்கு இது அநீதியாகவே பட்டிருக்கும். அதனால் பூசலின் மையம் கலியாண நாளில் போய் நின்றது. அந்த நாள்வரை உழைத்தது வீட்டுக்கு; அதன்பின் உழைப்பது அவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டும் தேடியதேட்டம். கலியாணத்தைத் தள்ளிப்போடுவது பெற்றோருக்கு ஆதாயம், மகனுக்கு இழப்பு. தங்கை கரையேறும்வரை அண்ணன் காத்திருக்க வேண்டும் என்று நாம் அறத்தின் மொழியில் பேசும் வழக்கத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது.

என் விளக்கம் தாங்காத இடங்களும் உண்டு. பெண்மக்கள் இல்லாத வீட்டுக்கு விதி விலக்குத் தரவில்லை. சீதனம்தான் முழுக் காரணம் என்றால் அங்கே விதி தேவையற்றது. சகோதரர்களிடையே ஏற்றத்தாழ்வைத் தடுப்பதற்காக என்று சொல்லலாம். ஆனால் அது நான் பின்னால் ஒட்டவைக்கும் காரணமாகவே தோன்றுகிறது. காலமும் உறுதியாகவில்லை. சீதன மாற்றத்துக்குப் போர்த்துக்கீசர் காலம் என்று தொகுப்பே எல்லை சொல்கிறது. மகனின் தேட்டத்துக்கு அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. இரண்டும் ஒரே காலத்தவை என்பது என் கருத்து. யாழ்ப்பாண அரசின் காலத்திலேயே இவ்விதி இருந்தது என்று ஒருவர் வாதிட்டால் அவரை மறுக்கும் நேரடிச் சான்று இதுவரை முன்வைக்கப்படவில்லை. அப்படி நிறுவப்பட்டால்கூட, அது மிதாட்சர எச்சம் என்ற வாசிப்புக்கு வலுச் சேர்க்காது.

பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1806இன் 18ஆம் ஒழுங்குவிதி தேசவழமைக்கு ஆங்கிலேய ஆட்சியில் சட்ட வலு தந்தது. 1911இன் யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் தேடியதேட்டத்தைத் திருமணம் நிலைக்கும் காலத்தில் ஈட்டியது என்று வரையறுத்தது. 1947இன் திருத்தம் அதைக் கணவன், மனைவி ஒவ்வொருவருடைய தேட்டமாகப் பிரித்தது. இந்த வரையறைகளின்கீழ் கலியாணத்துக்கு முந்திய உழைப்பு அவனவனுடைய தனிச் சொத்து என்று கொள்வதே இயல்பு. பெற்றோரின் பொதுக் குவியலைப் பற்றிய பேச்சு சட்டத்திலிருந்து மறைந்தது.

வீடுகளில் அது மறையவில்லை. 1911இன் சட்டம் வந்த அதே காலத்தில் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாண இளைஞர்கள் மாதந்தோறும் ஊருக்குக் காசு அனுப்பினார்கள். அந்தக் காசில் தங்கைமாருக்குக் காணி வாங்கப்பட்டது, வீடு எழுந்தது. 1983க்குப் பிறகு ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போன மகன்களும் அதையே செய்தார்கள். சட்டம் கேட்பதை நிறுத்திய பிறகும் அவர்கள் கொடுத்தார்கள் என்பதே, இவ்விதியைத் தந்தையதிகாரமாகப் படிப்பதற்கு எதிராக நான் வைக்கும் கடைசிச் சான்று. அதிகாரம் மட்டுமே இருந்திருந்தால் கடல் கடந்த மகன் முதல் மாதத்திலேயே காசு அனுப்புவதை நிறுத்தியிருக்கலாம். காலக் கேள்வியைத் தீர்க்க வேண்டுமானால் தேட வேண்டிய இடம் வேறு: 1645இல் போர்த்துக்கீசர் தொகுத்த காணி வரிப் பதிவேடு, ஒல்லாந்தரின் காணிப் பதிவேடுகளான தோம்புகள், 1658க்கு முந்திய சீதன ஓலைகள். அவற்றில் ஒரு சகோதரனின் தேட்டம் தங்கையின் சீதனத்துக்குள் பெயர் சுட்டப்பட்டு வருமானால், மஸ்கரேஞ்ஞாஸ் காலத்துக்கு முன்னா பின்னா என்பதைச் சொல்லிவிடலாம்.